நாட்பட்ட நோயும் செடி மருந்தும்: ஓமியோபதியில் மருந்துத் தேர்வின் வரலாறு

ஓமியோபதி மருந்துகளில் பெரும்பகுதி செடி, கொடி, மரங்களிலிருந்து செய்யப்படுபவை. ஆனால் இந்த நோய்க்கு இந்தச் செடி என்ற நேரடிக் கணக்கு அம்முறையில் கிடையாது. மூட்டுவலியோடு வரும் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு செடிகளின் மருந்து தரப்படலாம். சிறிது அசைந்தாலும் வலி கூடுகிறது, தாகம் மிகுந்து ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் குடிக்கிறார் என்றால் பிரையோனியா. இது நம் பாகற்காய், கோவைக்காய் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியக் கொடி. உட்கார்ந்து எழும்போது கடுமையாக வலிக்கிறது, பத்தடி நடந்ததும் இளகுகிறது, ஈரக் குளிரில் மோசமாகிறது என்றால் ரஸ் டாக்ஸ். இது தொட்டாலே தோலைப் புண்ணாக்கும் ஒரு வட அமெரிக்கச் செடி. வலி இன்று முழங்காலிலும் நாளை மணிக்கட்டிலும் என்று இடம் மாறுகிறது, தாகமே இல்லை, காற்றோட்டமான இடத்தை மனம் நாடுகிறது, எளிதில் கண் கலங்குகிறது என்றால் பல்சட்டில்லா என்னும் ஊதா நிறப் பூச்செடி.

நோயின் பெயரைவிட நோயாளியின் தனித்தன்மையே தேர்வுக்கு அடிப்படை என்று ஓமியோபதியர் இதை விளக்குவர். இந்தத் தேர்வு முறை ஒரே நாளில் உருவானதன்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலமுறை மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பழைய வழியில் தீராத ஒரு நாட்பட்ட நோயாளி நின்றுகொண்டிருக்கிறார்.

சிங்கோனா பட்டையில் தொடக்கம்

ஓமியோபதியை நிறுவிய சாமுவேல் ஹானிமன் 1755 ஏப்ரல் 10 அன்று செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மைசென் நகரில் பிறந்தார். பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அவர் தந்தையும் பீங்கானில் ஓவியம் தீட்டுபவர்தான். 1779இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஹானிமன், இரத்தம் வடிப்பதும் பேதி கொடுப்பதுமாக இருந்த அக்கால மருத்துவத்தில் நம்பிக்கை இழந்தார். பின்னர் நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பம் நடத்தினார்.

1790இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் மருந்தியல் நூலை அவர் மொழிபெயர்த்தார். சிங்கோனா பட்டை விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தீர்ப்பதற்குக் காரணம், அதன் கசப்பும் துவர்ப்பும் வயிற்றுக்கு வலுவூட்டுவதே என்று கல்லன் எழுதியிருந்தார். ஹானிமனுக்கு இது ஒப்பவில்லை. நலமாக இருந்த தம் உடலிலேயே அப்பட்டையைச் சில நாள்கள் உட்கொண்டு பார்த்தார். குளிரும் படபடப்பும் தளர்ச்சியும் என, அந்தக் காய்ச்சலின் குறிகள் பலவும் தோன்றியதாகப் பதிவு செய்தார். நலமானவரிடம் எந்தக் குறிகளைத் தோற்றுவிக்கிறதோ, அதே குறிகள் உள்ள நோயாளியை அம்மருந்து குணப்படுத்தும் என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது. 1796இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

சிங்கோனா தென் அமெரிக்க ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த மரம். 1860களில் ஆங்கிலேயர் அதை நீலகிரியில் பயிரிட்டனர். நடுவட்டம் பக்கம் போனவர்கள் அத்தோட்டங்களின் மிச்சத்தைப் பார்த்திருக்கலாம். அங்கு பட்டை உரிக்கப்பட்டது கொயினாவுக்காக. அதாவது மலேரியாக் கிருமியைக் கொல்லும் வேதிப்பொருளுக்காக. பட்டை வேலை செய்ததற்கு உண்மையான காரணம் அதுவே. கல்லன் சொன்ன கசப்பும் காரணமன்று, ஹானிமன் சொன்ன ஒப்புமையும் காரணமன்று.

கொள்கை கிடைத்த பிறகு எந்தச் செடி என்ன குறிகளைத் தோற்றுவிக்கும் என்ற பட்டியல் தேவைப்பட்டது. நலமானவர்களுக்கு மருந்தைக் கொடுத்து, அவர்கள் உணர்வதை எழுதிவைக்கும் வேலையை ஹானிமன் தொடங்கினார். இதை ஓமியோபதியர் மருந்து நிரூபணம் என்பர். 1805இல் 27 மருந்துகளின் குறிகளை இலத்தீனில் வெளியிட்டார். 1810இல் ஆர்கனான் என்னும் கொள்கை நூல் வந்தது. 1811 முதல் 1821 வரை ஆறு தொகுதிகளாக மருந்துக் குறிகளின் பெருந்தொகுப்பு வெளிவந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற மாணவர்கள் பலர் இதற்காக மருந்தை விழுங்கி நாள்குறிப்பு எழுதியவர்கள்.

எடுத்துக்காட்டாக, நம் ஊர் எட்டிக்கொட்டை 'நக்ஸ் வாமிகா' என்ற பெயரில் இப்படித்தான் அங்கே இடம்பெற்றது. எட்டியின் நச்சுத்தன்மை நம்மவர்க்கு எப்போதோ தெரியும். அதை விழுங்கியவருக்கு வரும் எரிச்சல் குணத்தையும் விடியற்காலை விழிப்பையும் மலச்சிக்கலையும் வரிவரியாக எழுதிவைத்தது ஹானிமன் கூட்டம்தான்.

முதலில் அந்த மருந்துகள் காய்ச்சல் போன்ற திடீர் நோய்களிலேயே பேர் வாங்கின. 1813இல் நெப்போலியனை எதிர்த்து நடந்த லைப்சிக் போருக்குப் பிறகு அந்நகரில் நச்சுக் காய்ச்சல் பரவியது. தாம் 180க்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரையோனியா, ரஸ் டாக்ஸ் ஆகிய இரண்டையுமே முதன்மையாகத் தந்ததாகவும், அவர்கள் பிழைத்ததாகவும் ஹானிமன் எழுதினார். மருந்து கொடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்ற ஒப்பீடு அதில் இல்லை. அக்காலத்தில் யாரிடமும் அத்தகைய ஒப்பீடு இல்லைதான். தவிர, இரத்தம் வடித்து நோயாளியை மேலும் பலவீனப்படுத்தும் மருத்துவத்தோடு ஒப்பிட்டால், ஒன்றும் செய்யாமல் இருப்பதே பெரிய நன்மை என்பதை மறக்கக்கூடாது.

திரும்பி வந்த நோயாளிகள்

மருந்தைத் தாமே தயாரித்துக் கொடுக்கிறார் என்று லைப்சிக் மருந்துக்கடைக்காரர்கள் புகார் செய்தனர். அதனால் 1821இல் கோத்தன் என்ற சிற்றூருக்கு அவ்வூர்ப் பிரபுவின் ஆதரவில் ஹானிமன் குடிபெயர்ந்தார். அங்கே அவரைத் தேடி வந்தவர்களும் கடிதம் எழுதியவர்களும் பெரும்பாலும் நீண்டகால நோயாளிகள். பட்டியலைப் பார்த்துப் பொருத்தமான செடியைக் கொடுத்தார். முதலில் குணம் தெரிந்தது. ஒரு கவலையோ, உணவு மாற்றமோ, குளிர்காலமோ வந்ததும் பழைய நோய் வேறு வடிவில் திரும்பியது. மறுமுறை அதே மருந்து முன்போல வேலை செய்யவில்லை.

இதை ஹானிமன் மறைக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். தம் முறை நாட்பட்ட நோயில் ஏன் தோற்கிறது என்று பல ஆண்டுகள் யோசித்து, 1828இல் 'நாட்பட்ட நோய்கள்' என்ற நூலை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் நோய் மேற்கிளை மட்டுமே, அடியில் பழைய வேர் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது அந்நூலின் வாதம். அப்படி மூன்று வேர்களை அவர் சொன்னார். சொறி சிரங்கோடு தொடர்புடைய சோரா, மருப்போன்ற வளர்ச்சிகளைத் தரும் சைகோசிஸ், மேகநோயான சிபிலிஸ். இவற்றில் சோராவே பெரும்பாலான நாட்பட்ட நோய்களுக்குக் காரணம் என்றார். இனிமேல் மருத்துவர் இன்றைய வலியை மட்டும் கேட்டால் போதாது. சிறுவயதில் வந்த சிரங்கு முதல் பெற்றோருக்கு இருந்த நோய்வரை கேட்க வேண்டும்.

இதனால் மருந்துப் பட்டியலும் மாறியது. சோராவை எதிர்ப்பவை என்று அவர் தேர்ந்தெடுத்தவற்றில் கந்தகம், சுண்ணாம்பு, மணற்சத்து முதலிய கனிமங்களே முன்னின்றன. சைகோசிஸ்க்கு தூஜா என்னும் மரத்தின் இலை. செடிகளில் முன்வரிசைக்கு வந்தது லைக்கோபோடியம். பாசிபோலத் தரையில் படரும் பூவாச் செடி அது. அதன் மஞ்சள் நிற வித்துத்தூளை அக்கால மருந்துக்கடைகளில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுவார்கள். குழந்தைகளின் தொடையிடுக்குப் புண்ணில் தடவுவார்கள். நெருப்பில் பட்டால் பளிச்சென்று எரிவதால் வாணவேடிக்கைக்கும் உதவியது. உள்ளே விழுங்கினால் எதுவும் செய்யாத தூள் என்பதே பொதுக் கருத்து. நெடுநேரம் அரைத்து, நூற்றுக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப நீர்த்தால் அதன் உள்ளாற்றல் வெளிப்படும் என்றார் ஹானிமன். சிறிது உண்டாலும் வயிறு உப்புதல், மாலை நாலு மணி முதல் எட்டு மணிவரை தொல்லை கூடுதல், வலப்பக்கத் தொந்தரவு, தனியாக இருக்க அஞ்சினாலும் அருகில் வருவோரிடம் சிடுசிடுத்தல் என்று அதன் உருவம் வரையப்பட்டது. இன்றும் ஓமியோபதி மாணவர் மனப்பாடம் செய்யும் உருவம் இதுவே.

அதே நூலின் பட்டியலில் சேங்கொட்டையும் உண்டு. நம் சலவைத் தொழிலாளர் துணியில் குறியிட்ட அதே கொட்டைதான். நினைவாற்றல் குன்றியவருக்கு அரபு மருத்துவர் அதைக் கொடுத்ததை ஹானிமன் படித்திருந்தார்.

நியூரம்பர்க் சோதனை

நிரூபணப் பட்டியலை நம்பலாமா என்ற கேள்வி ஹானிமன் உயிரோடிருந்தபோதே எழுந்தது. 1835இல் நியூரம்பர்க் நகரில் ஒரு வேடிக்கையான, ஆனால் நேர்மையான சோதனை நடந்தது. சாதாரண உப்பை ஓமியோபதி முறைப்படி முப்பதாம் வீரியம்வரை நீர்த்துச் சில குப்பிகளிலும், வெறும் பனிநீரை மற்றக் குப்பிகளிலும் நிரப்பிக் குலுக்கிக் கலந்தனர். எந்தக் குப்பியில் எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. முடிவைத் தெரிவித்த 50 பேரில் 42 பேர் எதையும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன 8 பேரில் 5 பேர் உப்பு மருந்தையும் 3 பேர் வெறும் நீரையும் குடித்தவர்கள். இருபுறமும் மறைத்துச் செய்யும் இன்றைய சோதனை முறையின் முன்னோடிகளில் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர் இதைக் கருதுகின்றனர்.

முப்பதாம் வீரியம் என்பது ஒன்றுக்குப் பின் அறுபது சுழியம் போட்ட அளவு நீர்த்தல். பன்னிரண்டாம் வீரியத்தைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. மேல்நிலைப் பள்ளி வேதியியலில் அவகாட்ரோ எண் படித்த மாணவர் எவரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு தாவரவியலாளர் நோயாளி ஆகிறார்

மருந்துப் பட்டியல் பெருத்ததும் வேறொரு சிக்கல் வந்தது. ஆயிரக்கணக்கான குறிகளை யார் நினைவில் வைப்பது? இதற்கு வழிகண்டவர் மருத்துவர் அல்லர். மூன்ஸ்டர் நகரைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபொன் போனிங்ஹவுசன் சட்டம் படித்தவர். தாவரவியலில் ஈடுபட்டு அந்நகரின் தாவரத் தோட்டத்தைக் கவனித்தவர். அப்பகுதிச் செடிகளைப் பற்றி 1824இல் நூல் எழுதியவர். இமயமலைப் பகுதியில் வளரும் ஒரு செடியின் பேரினத்துக்கு 'போனிங்ஹவுசனியா' என்று அவர் பெயரே இடப்பட்டுள்ளது.

1827இல் இவருக்கு நுரையீரல் நோய் முற்றியது. பிழைக்க மாட்டோம் என்று தாவரவியல் நண்பர்களுக்கு விடைபெறும் கடிதங்கள் எழுதினார். கடிதம் பெற்றவர்களில் ஒருவரான வைஹே, ஓமியோபதி மருத்துவரும்கூட. அவர் குறிகளைக் கேட்டெழுதிப் பல்சட்டில்லா அனுப்பினார். போனிங்ஹவுசன் தேறி, 1864வரை வாழ்ந்தார். மருந்தால் தேறினாரா, நோய் தானாகத் தணிந்ததா என்று ஒரே ஆளை வைத்து முடிவு சொல்ல இயலாது. காசநோய் சிலரிடம் மருந்தின்றியே அடங்குவதுண்டு. அவருக்கு ஐயமே இருக்கவில்லை. மீதி வாழ்நாளை இதற்கே கொடுத்தார்.

தாவரவியலாளர் ஒரு செடியை அடையாளம் காணும் முறையை அவர் நோயாளிக்குப் பொருத்தினார். இலை அடுக்கு, பூவிதழ் எண்ணிக்கை, காயின் வடிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிப்பதுபோல, நோயின் இடம், உணர்வு, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று பிரித்தார். 1846இல் அவர் வெளியிட்ட கையேடு இந்த அடிப்படையில் அமைந்தது. குறியைத் தேடினால் அதற்குரிய மருந்துகள் வரிசையாகக் கிடைக்கும். இத்தகைய ஏட்டை 'ரெப்பர்டரி' என்பர்.

அவரிடம் நீண்டகாலம் மருத்துவம் பார்த்துக்கொண்டவர்களில் செருமானியக் கவிஞர் அன்னெட்டே ஃபொன் துரோஸ்டே-ஹியூல்ஸ்ஹோஃப் ஒருவர். நுரையீரல் நோயால் வாடிய அக்கவிஞர் 1848இல் 51ஆம் வயதில் இறந்தார். வரலாற்றில் போனிங்ஹவுசன் தேறிய கதை அடிக்கடி சொல்லப்படும். இந்தக் கதை குறைவாகவே சொல்லப்படும்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் டைலர் கென்ட் (1849–1916) இம்முறையைத் தலைகீழாக்கினார். 1897இல் வெளிவரத் தொடங்கிய அவரது ரெப்பர்டரி ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்டது. அது மனத்திலிருந்து தொடங்குகிறது. அச்சம், கோபம், கனவு, விருப்பு வெறுப்பு முதலில். பிறகு உடலின் பொதுநிலை. கடைசியில்தான் நோயுற்ற உறுப்பு. நாட்பட்ட மூட்டுவலிக்காரரிடம் இருட்டைக் கண்டு பயமா, இனிப்பு பிடிக்குமா என்று இன்றைய ஓமியோபதி மருத்துவர் கேட்பதற்குக் காரணம் கென்ட்தான்.

கல்கத்தாவில் லைக்கோபோடியம்

இந்தியாவில் இம்முறை வேரூன்றியது வங்காளத்தில். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற மகேந்திரலால் சர்க்கார் (1833–1904) முதலில் ஓமியோபதியை மேடையிலேயே கண்டித்தவர். ராஜேந்திரலால் தத்தா என்ற செல்வந்தர் பல நோயாளிகளுக்கு அம்மருந்துகளைக் கொடுத்து வந்ததை நேரில் கவனித்து மனம் மாறினார். 1867இல் அதை வெளிப்படையாக அறிவித்ததும் மருத்துவச் சங்கம் அவரை ஒதுக்கியது. 1876இல் இவர் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் நம் சர். சி.வி. இராமன் பிற்காலத்தில் வேலை செய்தார். சோதனைக்கூட அறிவியலுக்காக உழைத்த அதே மனிதர் ஓமியோபதிக்காகவும் நின்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1885இல் இராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டபோது மருத்துவம் பார்த்தவர் சர்க்கார். பின்னர் காசிப்பூர் தோட்ட வீட்டுக்கு வந்து பார்த்த ராஜேந்திரலால் தத்தா, குறிகளை ஆராய்ந்து லைக்கோபோடியம் 200ஆம் வீரியம் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாக நலம் தெரிந்ததாகச் சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. 1886 ஆகஸ்ட் 16 அன்று பரமஹம்சர் மறைந்தார். அக்காலத்தில் வேறெந்த மருத்துவத்திலும் அந்நோய்க்குத் தீர்வு இல்லை. இன்று அப்படி அல்ல என்பதால்தான் தேர்வு இன்னும் கனமானது.

குடும்பம் பார்த்துச் செடி எடுத்தல்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினி ரெப்பர்டரிகள் வந்தன. மருந்துகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மும்பையைச் சேர்ந்த ராஜன் சங்கரன் 2002இல் வெளியிட்ட நூலில், செடிகளைத் தாவரக் குடும்பமாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொன்னார். ஒரு குடும்பத்தின் எல்லாச் செடிகளுக்கும் பொதுவான அடிப்படை உணர்வு ஒன்று உண்டு என்பது அவர் கருத்து. ரஸ் டாக்ஸும் சேங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். இவற்றுக்குப் பொதுவானது மாட்டிக்கொண்டு அசைய முடியாத உணர்வும், அசையத் துடிக்கும் உந்துதலும். நோயாளி தன் வலியை எந்தச் சொல்லால், எந்தக் கையசைவால் சொல்கிறார் என்பதே குடும்பத்தைக் காட்டும் குறி ஆகிறது. பேட்டி மணிக்கணக்கில் நீளும். நிரூபணமே ஆகாத செடியையும் குடும்பத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். இதனால் பழைய ஓமியோபதியர் பலர் சினம் கொண்டனர். அவர்கள் கையில் வலுவான சான்று உண்டு. தாவர உறவை வைத்து மருந்தின் ஆற்றலை ஊகிக்கலாகாது என்று ஹானிமனே எழுதியிருக்கிறார்.

சோதனைகள் சொல்வது

2005இல் லான்செட் இதழ், 110 ஓமியோபதிச் சோதனைகளை அதே அளவு ஆங்கில மருத்துவச் சோதனைகளோடு ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டது. பெரிய, ஒழுங்கான சோதனைகளை மட்டும் எடுத்தால் ஓமியோபதியின் பயன் வெறும் உருண்டையின் பயனைப் போன்றதே என்றது. 2015இல் ஆஸ்திரேலியத் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம், ஓமியோபதி பயன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. நீர்த்த மருந்து என்பதால் எல்லாம் பாதுகாப்பானவை என்பதும் சரியன்று. பல் முளைக்கும் குழந்தைகளுக்காக விற்கப்பட்ட சில ஓமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா என்னும் நச்சுச்செடியின் சத்து சீரற்றும் மிகுந்தும் இருந்ததை 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டறிந்தது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர், காசநோய்க்கு மருந்து எடுப்பவர் ஆகியோர் உருண்டையை நம்பி அவற்றை நிறுத்தினால் விளைவு உயிரோடு விளையாடுவது.

இவ்வரலாற்றுக்கு நெருக்கமான சோதனை ஒன்று இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் நடந்து 2011இல் வெளியானது. முடக்குவாதம் உள்ள 83 பேர் அதில் சேர்ந்தனர். வழக்கமான மருந்தை அவர்கள் நிறுத்தவில்லை. சிலருக்கு ஓமியோபதி மருத்துவரின் நீண்ட விசாரிப்பு கிடைத்தது. சிலருக்கு அது இல்லை. உருண்டையில் இருப்பது மருந்தா வெறும் சர்க்கரையா என்பது மறைக்கப்பட்டது. விசாரிப்பு பெற்றவர்களிடம் நலம் கூடுதலாகத் தெரிந்தது. மருந்தா, சர்க்கரையா என்பதால் வேறுபாடு ஏற்படவில்லை.

இதைப் படித்தபோது என் தாயார் நினைவுக்கு வந்தார். முழங்கால் வலிக்காக அவரை அருகிலுள்ள ஊரின் ஓமியோபதி மருத்துவரிடம் சில ஆண்டுகள் அழைத்துப் போனேன். முதல் நாள் முக்கால் மணி நேரம் கேட்டார். மழைக்காலத்தில் கூடுமா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், கோபம் வந்தால் பேசித் தீர்ப்பீர்களா, மனத்துக்குள் வைத்துக்கொள்வீர்களா? எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் கேட்டிராத கேள்விகள். கொடுத்தது ரஸ் டாக்ஸ் என்று சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வலி தீரவில்லை. பிற்பாடு எலும்பு மருத்துவரிடம்தான் போனோம். அதுவரை அம்மா உருண்டை சாப்பிடப் பலநாள் மறந்துவிடுவார். அந்த மருத்துவரிடம் போகும் தேதியை மட்டும் ஒருமுறைகூட மறந்ததில்லை.